செம்புச் சிப்பாய்

அன்புள்ள வாசகருக்கு,

மகனைப் பார்க்க அமெரிக்கா போன இடத்தில் நீங்கள் எடுத்தனுப்பிய சிலையின் படம் கிடைத்தது. ஜார்ஜியா மாநிலத்து நாஷ்வில். (பாட்டுக்குப் பெயர்போன நாஷ்வில் டென்னசியில் இருக்கிறது, இது பெரியன் கவுண்டியின் சின்ன ஊர்.) அந்தச் சிலையில் இருப்பவர் உள்ளூர்க்காரரா என்று கேட்டிருந்தீர்கள்.

எந்த ஊர்க்காரரும் இல்லை. முதல் உலகப் போர்க்கால அமெரிக்கச் சிப்பாய்க்கு ‘டோபாய்’ என்று செல்லப்பெயர். அதே ஜார்ஜியாவின் அமெரிக்கஸ் ஊரிலிருந்த சிற்பி விக்வெஸ்னி, மெல்லிய செப்புத் தகடுகளை அச்சில் அழுத்திப் பற்றவைத்து இந்த உருவத்தைச் செய்து விற்றார். விலை மலிவு என்பதால் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் வாங்கின. வீட்டு மேசையில் வைக்கக் குட்டிச் சிலைகள், விளக்குகள்கூட விற்றார். ஆள் கெட்டிக்காரர்தான்.

நாஷ்வில் 1921-இலேயே வாங்கிவிட்டது. இடக்கையில் துப்பாக்கி, உயர்த்திய வலக்கையில் கையெறிகுண்டு, காலடியில் முள்கம்பி. ஆனால் அந்தப் போரில் அந்தக் கவுண்டி பறிகொடுத்தவர்களில் பலர் போர்முனை முள்கம்பியைக் கண்டதே இல்லை.

ஒரே வட்டாரத்துப் பையன்களைச் சேர்த்து, ஸ்க்ரீவன் கோட்டையில் பயிற்சி கொடுத்து, ‘ஒட்ரான்டோ’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். வழியெல்லாம் விஷக்காய்ச்சல். 1918 அக்டோபர் 6 காலை, ஸ்காட்லாந்தின் ஐலே தீவுக்கருகே புயலில், உடன்வந்த ‘காஷ்மீர்’ என்ற கப்பலே இதன் விலாவில் மோதியது. ‘மவுன்சி’ என்ற சிறு போர்க்கப்பல், தானும் நொறுங்கும் அபாயத்தில், பக்கத்தில் வந்து வந்து நின்றது. மேலிருந்து அதன்மீது குதிக்கவேண்டும். சரியான நேரம் பார்த்துக் குதித்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு நொடி பிசகியவர்கள் இரண்டு கப்பல்களுக்கும் நடுவே விழுந்து நசுங்கினார்கள். ஏறக்குறைய அறுநூறு பேரை அது கரைசேர்த்தது. குதிக்காமல் நின்றவர்களோடு ஒட்ரான்டோ பாறையில் மோதி உடைந்தது. இறந்தவர்கள் நானூறுக்கும் மேல். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் பெரியன் கவுண்டிப் பிள்ளைகள். போர் முடிய முப்பத்தாறே நாள் பாக்கி.

சேர்ந்து போனதால் சேர்ந்து செத்தார்கள். துக்கம் கேட்கப் போக வேண்டிய வீட்டுக்காரர்களும் துக்க வீட்டுக்காரர்களாகவே இருந்திருப்பார்கள்.

ஊரார் பொய்யான சிலை வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பையன் எதற்காகக் கிளம்பினானோ அந்தக் கோலத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும். நம் கிராமங்களிலும் அதே போருக்குக் கல்வெட்டுப் பலகைகள் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும். பெயரே கிடையாது. அதைவிட இந்தச் சிலை எவ்வளவோ மேல்.

ஐலே தீவிலும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. இவர்களுக்கும், அதே ஆண்டு மூழ்கடிக்கப்பட்ட ‘டஸ்கேனியா’ கப்பல்காரர்களுக்கும் சேர்த்து அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கட்டியது. செங்குத்தான பாறை விளிம்பில் வெறும் கற்கோபுரம்; சிப்பாய் இல்லை, துப்பாக்கி இல்லை. கீழே அந்தக் கடல்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்