திரை உரைக்கும் குறிப்பு

நுழையும்முன்

பழுது என்பது வெறும் இடையூறு அன்று. தன் காரணத்தைக் காட்டும் சான்றும் ஆகும். தொலைக்காட்சித் திரையில் தோன்றும் குறைகளை உற்றுநோக்கி அவற்றின் மூலத்தைக் கண்டறியும் முறையை, நெல்லை வட்டாரத்தின் பட்டறிவோடு இணைத்து விளக்குகிறது இப்பாடம்.

கடல் கடந்து வந்த காட்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. தொலைவின் காரணமாக அதன் அலைகள் தாமிரபரணிக் கரையை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தோன்றியது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையிலிருந்து (2524 மீட்டர்) வரும் அலைகளைப் பெற, நெல்லை வட்டாரத்து மாடிகளில் உயர்ந்த கம்பங்களின்மீது ஆன்டெனாக்கள் தென்கிழக்கு நோக்கி நின்றன.

அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலையும் ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் அடிவானத்தைத் தொட்டுவிடும். திருநெல்வேலியோ 350 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கடல்மீது குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்குமேல் வெப்பமான உலர்காற்றும் அடுக்காக அமையும்பொழுது அலைகள் வளைந்து நெடுந்தொலைவு செல்லும். ஆதலால், ஒருநாள் தெளிவாகத் தெரிந்த படம் மறுநாள் மங்கியது. பெட்டியில் பழுதில்லை, வானிலை மாறியிருந்தது. இதனை அறியாது பெட்டியைத் தட்டியவர்க்குப் பயன் விளையவில்லை.

குறியும் காரணமும்

திரை முழுவதும் வெண்புள்ளிகள் மொய்த்தால், வந்துசேரும் அலை வலுவிழந்தது என்பது பொருள். ஆன்டெனாவின் திசை, கம்பி இணைப்பு, துருப்பிடித்த முனை ஆகியவற்றையே முதலில் நோக்க வேண்டும். படம் மேலும் கீழுமாக உருண்டால், படத்தின் தொடக்கத்தை உணர்த்தும் ஒத்திசைவுக் குறிகையைப் பெட்டி தவறவிடுகிறது. படக்குழாய்த் திரையின் மூலையில் நிறத்திட்டு தோன்றினால், அருகில் ஒலிபெருக்கி போன்ற காந்தப்பொருள் உள்ளதா எனக் காண வேண்டும்.

நிழல் காட்டும் தொலைவு

ஒருவர் அருகில் அவரது நிழலுருவமும் தெரிவதுண்டு. நேரே வரும் அலையோடு, குன்றிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பும் அலையும் சற்றுத் தாமதித்துச் சேர்வதே காரணம். இந்தியாவில் வழங்கிய முறையில், படத்தின் ஒரு வரியை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோநொடி ஆகும். திரையின் அகலம் 52 செ.மீ. எனில், நிழலின் ஒரு செ.மீ. விலகல் ஒரு மைக்ரோநொடித் தாமதத்தைக் காட்டும். அதற்குள் அலை 300 மீட்டர் செல்லும். எனவே, எதிரொளித்த அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணித்தது என்பதைத் திரையிலேயே அளந்தறியலாம்.

இன்றைய திரை

எண்மமுறை ஒளிபரப்பில் வெண்புள்ளிகள் இல்லை. அலை குறையும்பொழுது படம் சதுரங்களாகச் சிதறி உறைந்து, பின்னர் முற்றிலும் மறைகிறது. ஓர் அலைவரிசையில் மட்டும் குறை எனில் ஒளிபரப்பையும், எல்லாவற்றிலும் எனில் இணைப்புக் கம்பியையும் செட்டாப் பாக்ஸையும் ஐயுறலாம். ஒலி கேட்டும் திரை இருண்டிருந்தால், கைவிளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். படம் மங்கலாகத் தெரிந்தால், பழுதுற்றது பின்னொளியே.

எல்லை அறிதல்

காரணம் அறிதல் வேறு, கைவைத்தல் வேறு. வண்ணப் படக்குழாய் 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் இயங்கும்; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்கம்பிக்கு அருகிலும் இடிமழையிலும் ஆன்டெனாவைத் தொடுவது உயிரிழப்பில் முடியலாம். பெட்டியைத் திறக்கும் பணி பயிற்சி பெற்றவர்க்கு உரியது. எனினும், குறியைத் தெளிவாக எடுத்துரைப்பவர் வீண்செலவைத் தவிர்க்கிறார். பதறாமல் பார்த்தல், ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல், விளைவைக் குறித்தல் ஆகிய மூன்றும் எத்துறைக்கும் பொருந்தும் அறிவியல் நெறியாகும்.

கற்பவை கற்றபின்...

1. திரையில் நிழலுருவம் 3 செ.மீ. விலகித் தெரிகிறது. திரையின் அகலம் 52 செ.மீ. எனில், எதிரொளித்த அலை கூடுதலாகப் பயணித்த தொலைவைக் கணக்கிடுக.
2. ரூபவாகினியை ஆன்டெனா வழியே கண்ட மூத்தோரிடம் உரையாடி, அவர்தம் பட்டறிவைத் தொகுத்து எழுதுக.
3. உங்கள் வீட்டுக் கருவி ஒன்றின் பழுதைக் குறி, காரணம், சோதனை என மூவகையாகப் பகுத்து அட்டவணைப்படுத்துக.