பிள்ளைக்குரியதைக் கேட்கக் கூச்சம் எதற்கு?



கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். தந்தை புறக்கோட்டையில் நாட்கூலிக்கு மூட்டை தூக்குகிறார். மூன்று பிள்ளைகளில் கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. இன்னும் நடக்கவில்லை, பேசவுமில்லை. ஞாயிறு காலையில் புனித லூசியாள் பேராலயத்தின் மணி கேட்கிறது. எல்லோரும் பூசைக்குப் புறப்படுகிறார்கள். தாய் மட்டும் அந்தப் பிள்ளையோடு வீட்டில் தங்கிவிடுகிறாள். "நாலு பேர் பார்த்து நாலு விதமாகக் கேட்பார்கள்" என்பதே அவள் சொல்லும் காரணம். இதே காரணத்தை வெள்ளவத்தையின் மாடி வீடுகளிலும் கேட்கலாம்.

அந்தக் கூச்சத்தால் இழப்பு யாருக்கு? தாய்க்கல்ல, பிள்ளைக்குத்தான். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியமும் பயிற்சியும் உதவிப் பணமும் அவளுடைய வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவத்தின் பலன் என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அவனுடைய பாவமும் அல்ல, பெற்றோரின் பாவமும் அல்ல என்றே அவர் பதில் கொடுத்தார். அந்தப் பதிலுக்குப் பிறகும் நாம் வெட்கப்பட இடமில்லை.

இது பிச்சையா, உரிமையா?

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. உடலிலோ மனத்திலோ இயலாமையுள்ள பிள்ளையின் உரிமைகளைப் பற்றியே அதன் 23ஆம் உறுப்புரை பேசுகிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென நம் நாட்டிலேயே இயற்றப்பட்டது. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் உறுதி செய்தது. ஆகவே விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்கும் தாய் யாரிடமும் இரந்து நிற்பதில்லை. பேச முடியாத தன் பிள்ளைக்காக அவள் பேசுகிறாள்.

வருமானம் குறைந்த குடும்பத்திலுள்ள இயலாமையுடையவருக்கு அரசாங்கம் மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றை வழங்குகிறது. அதை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இதைத் தவிர, 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தின் கீழ் குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்து வழங்கப்படும் உதவியும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி, ஒன்றுக்கு விண்ணப்பித்ததும் மற்றதை விட்டுவிடாதீர்கள். இரண்டைப் பற்றியும் தனித்தனியே விசாரியுங்கள்.

முதற்படி மருத்துவரிடம்

பிள்ளை பிறந்தவுடன் தரப்பட்ட சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். எந்த வயதில் கழுத்து நின்றது, எப்போது உட்கார்ந்தது என்பவை அதில் பதியப்பட்டிருக்கும். அதோடு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ கிளினிக்கையோ நாடுங்கள். அங்கிருந்து பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயாத்தி நிலையமும் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே அமைந்தது.

"ஆண் பிள்ளை, பிந்தித்தான் பேசும்" என்று சொல்லி வருடங்களைக் கடத்த வேண்டாம். சிறு வயதில் தொடங்கும் பயிற்சி தரும் பலனைப் பின்னர் பெறுவது கடினம். பணம் பின்னரும் வரலாம். போன வயது திரும்பாது.

இரண்டாம் படி அலுவலகத்திற்கு

உங்கள் கிராம உத்தியோகத்தரையும், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். கொட்டாஞ்சேனை மக்களுக்குக் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை மக்களுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். போகும்போது கையில் இருக்க வேண்டியவை:

1. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்.
2. பெற்றோரின் அடையாள அட்டைகள்.
3. மருத்துவச் சான்றும் கிளினிக் புத்தகங்களும்.
4. வசிப்பிடத்தையும் வருமானத்தையும் காட்டும் பத்திரங்கள்.
5. எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள்.

வாடகை வீட்டில் இருப்போர் வசிப்பிடத்தை நிரூபிப்பதில்தான் அதிகம் இடறுகிறார்கள். ஆகவே வாடகை உடன்படிக்கையையும் அந்த விலாசத்துக்கு வந்த கடிதங்களையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

சிங்களம் தெரியாதே என்று அஞ்சவும் வேண்டாம். 1987இல் செய்யப்பட்ட 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாகும். கொழும்பிலும் தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள். பணிவாக, ஆனால் உறுதியாக, தமிழில் விளக்கம் கேளுங்கள்.

நோயின் பெயர் மட்டும் போதாது

பலர் தவறுகிற இடம் இதுவே. "பிள்ளைக்குப் பெருமூளை வாதம்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை வாசிக்கும் உத்தியோகத்தருக்கு உங்கள் வீட்டின் இரவுகள் எப்படித் தெரியும்? அதே வயதுப் பிள்ளை தானாகச் செய்வதில் உங்கள் பிள்ளை எதைச் செய்ய முடியாதிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். உதாரணமாக:

"வயது மூன்று. பிடிக்காமல் உட்கார முடியாது. சோற்றைக் கூழாக்கி ஊட்ட வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். இரவில் மூன்று தடவை எழும்பித் திருப்பிக் கிடத்த வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோக முடியாததால் கிளினிக்குக்கு முச்சக்கர வண்டியில் போகிறோம். பிள்ளையை விட்டுத் தாய் வேலைக்குப் போக முடியவில்லை."

இதில் மிகைப்படுத்தல் ஒன்றுமில்லை, மறைத்தலும் இல்லை. பொய் சேர்ப்பது பாவம் மட்டுமன்று. ஒரு பொய் வெளிப்பட்டால் நீங்கள் சொன்ன மெய்களும் நம்பப்படாமற் போகும். ஆனால் கூச்சத்தால் குறைத்துச் சொல்வதும் உண்மையல்ல. ஒரு கொப்பியில் இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் நடப்பதைக் குறித்து வைத்தால், எழுதுவது எளிதாகும்.

இங்கிலாந்தில் வாழும் நம் உறவினர்களும் இதையே செய்கிறார்கள். அங்கே 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான கொடுப்பனவுக்கு, நோயின் பெயரைவிட, சம வயதுப் பிள்ளையிலும் பார்க்க எவ்வளவு மேலதிகப் பராமரிப்புத் தேவை என்பதே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது. அங்கு பெற்றோரின் வருமானம் கேட்கப்படுவதில்லை; இங்கு கேட்கப்படும். வேறுபாடு அது. ஆனால் எழுதும் முறை இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

உடனே கிடைக்காவிட்டால்

காத்திருப்போர் பட்டியல் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறோம். விண்ணப்பம் கொடுத்த திகதியையும், பெற்றுக்கொண்டவரின் பதவியையும் குறித்து வையுங்கள். மாதம் ஒரு தடவை விசாரியுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அஸ்வெசுமவில் பெயர் விடுபட்டால் குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்ய வழியுண்டு, அத்திகதியைத் தவறவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு "முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரை வீட்டுப் படியேற்றாதீர்கள்.

வருமானம் கூடியதால் பணம் கிடைக்காத குடும்பங்களும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. அரசாங்கச் சிறுவர் வைத்தியசாலையும், பாடசாலைகளிலுள்ள விசேட கல்விப் பிரிவுகளும் அவர்களுக்கும் உரியவை.

இறுதியாக, அயலவருக்கு ஒரு சொல். அந்தத் தாய் அலுவலகத்துக்குப் போகும் அன்று அரைநாள் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவர் நிரப்பிக் கொடுங்கள். வருகிற ஞாயிறு அவள் பிள்ளையோடு பூசைக்கு வந்தால், திரும்பிப் பார்த்துக் கிசுகிசுக்காமல், வாங்கிலே சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டிலோ அயலிலோ வெளியே கொண்டுவரப்படாத பிள்ளை உண்டா?
2. அந்தப் பிள்ளைக்கு இதுவரை மருத்துவச் சான்று பெறப்பட்டதா?
3. இந்த வாரம் அக்குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?