தொட்டியில்லா வீட்டில் பிள்ளைக் குளியல்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றி இயற்பியல் மாணவிக்கு எழுத என்ன இருக்கிறது என்று ஆசிரியப் பெருமக்களும் உடன் பயிலும் நண்பர்களும் எண்ணக்கூடும். வெப்பம், ஆவியாதல், புவியீர்ப்பு மையம் என்று நாம் வகுப்பறையில் தனித்தனியாகப் படிக்கும் பாடங்கள் எல்லாம் ஒன்றுகூடும் இடம் ஒன்று உண்டு. பச்சிளங் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் நம் வீட்டுக் கொல்லைப்புறமே அது. அங்கே கணக்குத் தவறினால் குறைவது மதிப்பெண் அன்று. ஓர் உயிருக்கே ஊறு நேரலாம்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சென்ற ஆண்டு என் அக்காள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கடைகளில் தொங்கும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "தொட்டி இல்லாமல் பிள்ளையைக் குளிப்பாட்டுவது சரியா?" என்று கேட்டாள். "நாங்க எந்தத் தொட்டியிலடி உங்களையெல்லாம் குளிப்பாட்டினோம்?" என்று அப்பத்தா திருப்பிக் கேட்டார். இருவர் பேச்சிலும் பொருள் உண்டு. முன்னோர் செய்தது என்பதற்காக எல்லாவற்றையும் கொள்ளவும் வேண்டா. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளவும் வேண்டா. ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்போம்.

காலே தொட்டி

அப்பத்தா தாழ்ந்த மனைப்பலகையில் அமர்ந்து, இரண்டு கால்களையும் நேராக நீட்டி ஒன்றோடொன்று சேர்த்துக் கொள்வார். குழந்தையின் தலை அவருடைய கணுக்கால் பக்கம். அதன் கால்கள் மடிப் பக்கம். முழங்காலுக்குக் கீழே இரு கால்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் குழந்தை பொருந்திக்கொள்ளும். முதலில் மல்லாக்கப் போட்டு மார்பு, வயிறு, கை, கால், பிறகு கவிழ்த்துப் போட்டு முதுகு, கடைசியில் தலை. இதுதான் முறை.

இந்த அமைப்பில் நான்கு நன்மைகளைக் கண்டேன். முதலாவது, தண்ணீர் தேங்குவதில்லை. ஊற்றிய நீர் வழிந்து ஓடிவிடுகிறது. அழுக்கு நீரில் குழந்தை ஊறுவதுமில்லை, மூழ்குவதுமில்லை. இரண்டாவது, தொட்டியில் ஒரு கை எந்நேரமும் குழந்தையின் கழுத்தைத் தாங்கியே இருக்க வேண்டும். இங்கே உடல் எடையைக் கால்கள் தாங்குவதால், ஒரு கை அணைத்துப் பிடிக்க, மற்றொரு கை தாராளமாக வேலை செய்கிறது. மூன்றாவது, குழந்தையின் முகம் குளிப்பாட்டுபவரின் முகத்துக்கு நேரே இருக்கிறது. மூச்சு, நிறம், அழுகை எதுவும் கண்ணுக்குத் தப்பாது.

நான்காவது நன்மையே எனக்குப் பெரிதாகப் பட்டது. குழந்தைமேல் ஊற்றும் நீர் குளிப்பாட்டுபவரின் காலிலும் விழுகிறது. நீர் சற்றுக் கூடுதலாகச் சுட்டாலும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அவருடைய காலே வெப்பமானி!

பிரெஞ்சு நாட்டு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடரிக் லெபோயே என்பவர், கல்கத்தாப் பக்கத்தில் ஒரு தாய் இப்படிக் கால் நீட்டி அமர்ந்து குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு வியந்தார். அந்தத் தாயின் பெயரையே தலைப்பாக்கி, 'சாந்தலா' என்ற நூலை 1976-இல் வெளியிட்டார். நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது அயல்நாட்டார்க்குப் பாடமாயிற்று.

ஈரம் திருடும் வெப்பம்

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் தோற்பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 1.65 சதுர மீட்டர். எடையில் இருபது மடங்கு வேறுபாடு. பரப்பிலோ எட்டு மடங்குதான். எனவே ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு பரப்பு என்று பார்த்தால், குழந்தைக்கு நம்மைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. வெப்பம் வெளியேற வாசல் பெரிது; உள்ளே இருப்பு சிறிது. நம்மைப்போல் நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் பச்சிளங் குழந்தைக்கு இயலாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். குளிப்பாட்டிய பின் குழந்தையின் தலைமுடியிலும் தோலிலும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் தண்ணீர் தங்கிவிட்டது என்று கொள்வோம். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். பத்துக் கிராமுக்கு 5,800 கலோரி. மூன்று கிலோக் குழந்தையின் உடல் ஒரு டிகிரி குளிர்வதற்கு இழக்க வேண்டியது ஏறத்தாழ 2,500 கலோரி. ஆவியாதலுக்கான வெப்பம் முழுவதையும் குழந்தையே கொடுப்பதானால், அதன் உடல் 2 டிகிரிக்கு மேல் குளிர்ந்துபோகும். நடைமுறையில் சுற்றியுள்ள காற்றும் ஒரு பங்கைத் தரும். குழந்தையின் உடலும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆதலால் அவ்வளவு இறங்காது. எனினும் பச்சிளங் குழந்தையின் இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ்தான் என்பதை நினைத்தால், இதில் ஒரு பாதி இறங்கினாலும் ஆபத்து என்பது விளங்கும்.

ஆகவே குளியலில் முதல் வேலை தண்ணீர் எடுத்து வைப்பது அன்று. துண்டு எடுத்து வைப்பதே. உலர்ந்த பருத்தித் துணி இரண்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று துடைக்க, மற்றொன்று சுற்ற. தலையை முதலில் துவட்ட வேண்டும். தலையைக் கடைசியில் நனைப்பதன் காரணமும் இதுவே. கொல்லையில் காற்றடித்தால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குளிப்பாட்டலாம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

விளாவும் கணக்கு

குழந்தைக்கு ஏற்ற நீர் உடற்சூட்டை ஒட்டியது. 37 அல்லது 38 டிகிரி. வெப்பமானி இல்லாத வீட்டில் இதை எப்படிக் கண்டுகொள்வது? குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் இருக்கிறது, அடுப்பில் நீர் கொதிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு செம்பு கொதிநீருக்கு ஆறு செம்பு பச்சைத் தண்ணீர் என்று கணக்கு வருகிறது. மார்கழிக் குளிரில் ஐந்து செம்பு போதும். கொதிக்காமல் இளஞ்சூடாக இருக்கும் வெந்நீருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆதலால் இறுதித் தீர்ப்பு முழங்கையினுடையது. உள்ளங்கை அடுப்படியில் பழகிக் காய்த்துப்போயிருக்கும். முழங்கையே உண்மை சொல்லும். நீரை நன்றாகக் கலக்கிய பிறகே தொட்டுப் பார்க்க வேண்டும்.

விளாவும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். இவ்வரிசை மாறலாகாது. வெறும் வெந்நீர் நிறைந்த வாளி கண்ணெதிரே இருக்கையில் யாராவது கூப்பிட்டால் திரும்பத் தோன்றும்; தவழும் பிள்ளை கை வைக்க ஒரு நொடி போதும். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். குழந்தையின் தோலோ நம் தோலைவிட மெல்லியது. வாளியில் மின்கம்பி போட்டு நீர் காய்ச்சும் வீடுகளில், சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கம்பியை வெளியே எடுத்த பிறகே நீரில் கை வைக்க வேண்டும்.

முதற்குளியல் எப்போது?

பிறந்தவுடன் குழந்தையைக் கழுவி எடுப்பது முன்பு வழக்கமாக இருந்தது. பிறந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே குளிப்பாட்ட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தையின் மேல் வெண்ணெய்போல் ஒட்டியிருக்கும் பூச்சு அழுக்கு அன்று. இயற்கை தந்த மேலாடை. அதைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. தொப்புள்கொடி விழும்வரை நனைந்த துணியால் உடலைத் துடைத்து, கொடியை உலர்வாக வைத்திருந்தாலே போதும். அதன்மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்கலாகாது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையை மருத்துவரைக் கேட்காமல் குளிப்பாட்டவே கூடாது. அதற்குத் தாயின் மார்போடு தோல் தொட அணைத்து வைப்பதே முதல் மருந்து.

விட வேண்டியவை

இனி, காலில் போட்டுக் குளிப்பாட்டும் நல்ல முறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்ட சில வழக்கங்களைச் சொல்ல வேண்டும். மூக்கில் ஊதிச் சளி எடுப்பது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. தொண்டைக்குள் விரலை விட்டு வழிப்பது. ஆணோ பெண்ணோ, குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது. முடிவில் சாம்பிராணிப் புகை காட்டுவது.

எங்கள் தெருவில் இரண்டு மாதக் குழந்தை ஒன்று, நாள்தோறும் மூக்கில் எண்ணெய் விடப்பட்டு, ஓயாத இருமலோடும் மூச்சுத் திணறலோடும் மருத்துவமனையில் பல நாள் கிடந்தது. எண்ணெய் வழுக்கிச் செல்லும் பொருள். இருமலைக்கூட எழுப்பாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். இறங்கினால் அது எளிதில் வெளியேறாது, நிமோனியாவை உண்டாக்கும். வாயால் ஊதும்போது பெரியவர் வாயிலுள்ள கிருமி குழந்தைக்குப் போகிறது. மார்பு வீங்கியிருப்பது தாயின் உடலிலிருந்து வந்த சுரப்புகளால். சில வாரங்களில் அது தானே வற்றிவிடும். பிதுக்கினால் சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடும். புகையோ பெரியவர்களுக்கே இருமலை வரவழைக்கிறது. பிஞ்சு நுரையீரல் என்ன செய்யும்?

எங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தபோது இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னார். அப்பத்தாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஊதலேன்னா சளி எப்படித் தாயி போகும்? ஏழு பிள்ளையை வளர்த்தவ நான்" என்றார். செவிலியர் வாதாடவில்லை. "நீங்க கால்ல போட்டுக் குளிப்பாட்டுற மாதிரி எனக்கே வராதும்மா. எண்ணெய் தேய்க்கிறதும் நல்லதுதான். மூக்குக்குள்ள மட்டும் எதுவும் போக வேண்டாம். பிள்ளை தும்முதில்ல? அதுவே சளியை வெளியே தள்ளிரும்" என்றார். அப்பத்தா சற்றுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மேலுக்குத் தடவலாம், உள்ளுக்கு விடக் கூடாது. அம்புட்டுத்தானே?"

அவ்வளவேதான்! அறிவுரைகளில் பெரும்பகுதியை அப்பத்தா ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார். தோலின்மேல் பட்டுத் தோலோடு நிற்பது பெரும்பாலும் நன்மை. கண், காது, மூக்கு, வாய் என்று துவாரத்தின் வழியே உள்ளே புகுவது தீமை. அன்றுமுதல் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் உண்டு, ஊதுவது இல்லை.

பிள்ளை நிற்கத் தொடங்கினால்

குழந்தை உட்காரவும் நிற்கவும் கற்ற பின் காலில் கிடக்க மறுக்கும். அப்போது தரையில் உட்கார வைத்துச் செம்பால் ஊற்றலாம். ஆனால் ஆபத்து வேறு உருவில் வருகிறது. பிறந்த குழந்தையின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவர்க்கு எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். எனவே சிறு பிள்ளையின் புவியீர்ப்பு மையம் மேலே ஏறி நிற்கிறது. நிறைந்த வாளியை எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகுப்புற விழும். இருபது லிட்டர் நீரோடு நிற்கும் வாளி இருபது கிலோ, அது அசையாது. வாளி கவிழாது, குழந்தைதான் கவிழும். தன்னைத் தூக்கிக்கொள்ள அதற்குக் கை வலு இல்லை, அலறவும் முடியாது. சில அங்குல நீரே உயிரைப் பறித்துவிடும்.

தொட்டி இல்லாத வீடு என்றாலும் அண்டா, வாளி, டிரம் இல்லாத வீடு ஏது? குழாயில் நீர் வரும் நாளில் பிடித்து நிறைத்து வைப்பதே நம் ஊர்களின் வழக்கம். குளியல் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சேமித்த நீருக்கு, பிள்ளை திறக்க முடியாத மூடி வேண்டும். கதவைத் தட்டுகிறார்கள், தொலைபேசி அழைக்கிறது என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். "இதோ வந்துவிட்டேன்" என்னும் அந்த ஒரு நிமிடந்தான் பொல்லாதது.

முடிவுரை

ஆராய்ந்து பார்த்தால், குழந்தையின் குளியலுக்கு வேண்டியவை இளஞ்சூடான ஏழெட்டுச் செம்பு நீர், உலர்ந்த துணி இரண்டு, காற்றடிக்காத இடம், பிள்ளையை விட்டு அகலாத கையும் கண்ணும். இவற்றில் எதையும் கடையில் தேடிப் போக வேண்டியதில்லை. தொட்டி இல்லாதது குறையன்று. கவனம் இல்லாததே குறை.

நம்முள் பலர் நாளை தாயாகவும் தந்தையாகவும் ஆகப்போகிறவர்கள். இது பெண்டிர் வேலை என்று ஆண் மக்கள் ஒதுங்கிவிடலாகாது; கால் நீட்டி உட்கார யாராலும் முடியும். பாட்டிமார் இருக்கும்போதே அருகில் அமர்ந்து அந்தக் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொள்வோம். கற்கும்போதே, விட வேண்டியதை விடும்படி அன்போடு எடுத்துரைப்போம். கல்லூரியில் நாம் கற்ற கல்விக்கு வீட்டில் கிடைக்கும் முதற்பயன் அதுவாகட்டும்.