ஆய்வு நூலுக்கு ஏன் பூட்டு?

சென்ற பருவத்தில் சிங்கப்பூர்த் தமிழர் குடியேற்றம் பற்றிய கட்டுரைக்காக ஓர் ஆய்வு நூலைத் தேடினேன். பல்கலைக்கழக நூலகத்தின் ஒரே பிரதி இரவலில் போயிருந்தது. தேக்காவில் ஏறி இறங்கிய கடைகளில் சோதிட நூலும் சமையல் நூலும் இருந்தன, அது இல்லை. இணையத்தில் விலை 180 வெள்ளி! கடைசியில் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தின் மேற்கோள் பிரிவில் கண்டுபிடித்தேன். அங்குள்ள நூல்களை இரவல் பெற முடியாது. இரண்டு சனிக்கிழமைகள் அங்கேயே அமர்ந்து குறிப்பெடுத்தேன்.

அதே கட்டுரைக்குச் சில பழஞ்சொற்களின் பொருளும் தேவைப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. விடுதி அறையில் இருந்தபடியே காசு செலவின்றிப் பார்த்தேன். இரண்டும் அறிஞர் உழைப்பே. ஒன்றுக்கு மட்டும் ஏன் பூட்டு?

இந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததுதான் 'திறந்த அணுக்கம்'. 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இதற்கு இலக்கணம் வகுத்தது. ஆய்வை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பகிரலாம். ஆசிரியரின் பெயரை முறையாகச் சுட்ட வேண்டும். வெறும் இலவச வாசிப்பு இதில் பாதிதான். பகிரும் உரிமையும் சேர்ந்தால்தான் முழுமை.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. மெய்ப்புப் பார்ப்பவருக்கும் பக்கம் அமைப்பவருக்கும் ஊதியம் வேண்டும். சில பதிப்பகங்கள் அதை ஆசிரியரிடமோ அவருடைய பல்கலைக்கழகத்திடமோ கட்டணமாகப் பெறுகின்றன. வசதியற்ற ஆய்வாளருக்கு இது புதிய பூட்டு. மற்றொரு வழி கூட்டுச் செலவு. 2014-இல் 'நாலெட்ஜ் அன்லாட்ச்ட்' முயற்சியில் 297 நூலகங்கள் பங்கு போட்டு 28 ஆய்வு நூல்களை உலகுக்கே திறந்துவிட்டன.

நம்மவர் பெரிதும் நம்பியது தொண்டர் உழைப்பை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கியது. ஈழத்து நூல்களுக்காக 2005-இல் 'நூலகம்' திட்டம் தொடங்கியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பிரதி ஒரே இரவில் அழியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சிங்கப்பூரிலும் 2015-இல், தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி, ஐம்பது ஆண்டுகால இலக்கிய நூல்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பாயின. கதைக்கும் கவிதைக்கும் கிடைத்த இந்த வாய்ப்பு ஆய்வுக்கும் கிடைக்க வேண்டாமா?

மாணவ நண்பர்களே, இதில் நமக்கும் பங்குண்டு. கட்டுரையையோ நூலையோ வெளியிடக் கொடுக்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நம் பிரதியைப் பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் வைக்கலாமா என்று கேளுங்கள். பேட்டி தந்தவர்களிடம் அதற்கும் சேர்த்து ஒப்புதல் பெறுங்கள்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. சிராங்கூன் சாலையில் பூக்கட்டும் ஒரு பாட்டி, என் ஆய்வேட்டுக்காகத் தம் வாழ்க்கையை இரண்டு மணிநேரம் சொன்னார். விடைபெறும்போது, "எழுதி முடிச்சதும் நாங்க எங்கப்பா படிக்கிறது?" என்று கேட்டார். துறை அலமாரியில் இருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.