எஞ்சினை இறக்குவதற்கு முன்

பழைய கார் வைத்திருப்பவனிடம் ஊரே மெக்கானிக்காகப் பேசும். பின்னால் லேசாகப் புகை தெரிந்தால் போதும். "எஞ்சின் போச்சுங்க, வித்துட்டு வேற எடுங்க" என்பார் ஒருவர். "சென்னைப் புதுப்பேட்டையில ஒரு பழைய எஞ்சின் எடுத்து மாட்டிருங்க, சல்லிசா முடியும்" என்பார் இன்னொருவர். என் டீசல் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்த சமயம், பாலக்காட்டு ரோட்டில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து ஒருமுறை நன்றாகச் சூடாகிவிட்டது. ஹோஸை மாற்றிய பிறகும் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. ஆயிலும் கொஞ்சம் குடித்தது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் திறக்காமலேயே "முழு எஞ்சினும் மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கலாம்.

எஞ்சின் போய்விட்டதா என்பதை யாரும் சத்தத்தைக் கேட்டுச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் சொல்ல முடியும். ஆனால் அளப்பதற்கு முன்பே நாமே கவனிக்கக்கூடியவை சில உண்டு.

புகையின் நிறத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அது எப்போது வருகிறது என்பதைத்தான் பார்ப்பதில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல். மேட்டில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங், சிலிண்டர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். டர்போ சீல் போனாலும் இதே நீலப்புகைதான். இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில் தேங்கி நிற்கும். டர்போ வேலையோடு முடிய வேண்டிய வண்டிக்கு எஞ்சினையே இறக்கிய கதைகள் உண்டு. வெள்ளைப்புகை சூடான பிறகும் நிற்காமல், கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர் போலப் படிந்திருந்தால், கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய் வரும் வண்டியிலும் அது கொஞ்சம் படியும்; அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். இதைச் செய்யாமல் எஞ்சினுக்கு விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். டீசலில் குளோ பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டுவார்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். என் வண்டியில் ஒன்றும் நான்கும் சரியாக இருந்தன. இரண்டும் மூன்றும் மட்டும் சேர்ந்தாற்போல இறங்கியிருந்தன. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் இப்படிக் காட்டினால், நடுவில் கேஸ்கட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோல் வண்டியாக இருந்தால் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். பிரஷர் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

அதனால் சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றி, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெரியவர் அதிகம் பேசவில்லை. ஹெட்டைக் கவிழ்த்துத் துடைத்து, அதன் மேல் நேர்விளிம்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் இதழைச் செருகிப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் இதழ் ஓர் இடத்திலும் நுழையவில்லை. "வளையலீங்க. பிரஷர் டெஸ்ட் போட்டு விரிசல் மட்டும் பாத்துக்கலாம்" என்றார். அலுமினியம் ஹெட் சூட்டில் வளைவது சகஜம். வளைந்தால் ஃபேஸிங் செய்வார்கள். ஆனால் டீசலில் அதற்கும் எல்லை உண்டு. சில ஹெட்டுகளைத் தொடவே கம்பெனி அனுமதிப்பதில்லை.

பிறகு வண்டியில் இருந்த பிளாக்கை அளக்க போர் கேஜோடு வந்தார். சிலிண்டர் அதிகம் தேய்வது மேல் ரிங் திரும்புகிற இடத்தில். அங்கே விரல் நகத்தால் தடவினால், தேய்ந்த எஞ்சினில் படி தட்டும். என் நகத்துக்கு எதுவும் தட்டவில்லை. ஹோனிங் கோடுகள்கூட இன்னும் தெரிந்தன. தேய்ந்திருந்தாலும் கதை முடிந்துவிடாது. பல எஞ்சின்களுக்கு 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும், ரீபோர் செய்யலாம். கிராங்க் ஷாஃப்டை அரைத்து அண்டர்சைஸ் பேரிங்கும் போடலாம். அளவுகளை அவர் ஒரு சீட்டில் எழுதித் தந்தார். அதை இன்னும் ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.

கேஸ்கட், வால்வு சீல், புது ஹெட் போல்ட், திறந்ததுதான் திறந்தோம் என்று டைமிங் செயினும் வாட்டர் பம்ப்பும். ₹40,000-க்குள் முடிந்தது. ஹெட் போல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். இழுபட்டு இறுகுகிற வகையை மறுபடி போட்டால் பிடிமானம் சந்தேகம்தான்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்த்துவிட்டேன். பாடி துருப்பிடித்திருந்தால் எஞ்சினுக்குச் செலவழிப்பது வீண். கிளட்ச், ஏசி, சஸ்பென்ஷன் என்று அடுத்த இரண்டு வருஷத்தில் வரக்கூடிய செலவையும் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும். வண்டி விலையில் பாதிக்கு மேல் செலவு வந்தால் விற்றுவிடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விற்ற காசோடு அந்தத் தொகையைச் சேர்த்து நாம் வாங்கப்போவது வேறு யாரோ ஓட்டிய கார். அதன் எஞ்சினை யார் அளந்தார்கள்?

செகண்ட் ஹேண்ட் எஞ்சினிலும் இதே சிக்கல்தான். கழுவித் துடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே எப்படி என்று தெரியாது. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கையே குத்திவிட்டது, பிளாக்கில் விரிசல் என்றால் வேறு வழியில்லை. அப்போதும் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின் ஸ்விஃப்ட், விஸ்டா, புன்டோ என்று பல கார்களில் ஓடியது. ஆனால் 75 குதிரைத்திறன் வகைக்கும் 90 வகைக்கும் டர்போவே வேறு.

எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கும். ஹெட்டை மாற்றினால் நம்பர் மாறாது. பிளாக் மாறினால் மாறும். அதற்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்தில் முடிந்து புதுப்பிக்கப் போகும்போது நம்பரைச் சரிபார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான காகிதமும் பில்லும் எஞ்சினோடு வர வேண்டும். "பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க" என்று கடைக்காரர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.