அச்சு மாற்றிய பின் பிரேக் பிடியாத வண்டி

நூலும் விளைபொருளும் ஏற்றும் சங்கத்து வண்டியின் பின் அச்சு பழுதுற்றால், பழைய வண்டிகளை உடைத்து விற்போரிடம் முழு அச்சொன்றை வாங்கிப் பொருத்துவது செலவைச் சுருக்கும் வழியாகும். அங்ஙனம் பொருத்திய வண்டி நன்றாக இழுக்கும். ஆனால் பிரேக் மிதி தரைவரை அமிழும். பட்டறையில் உடனே கூறப்படும் காரணம், குழாயில் காற்றிருக்கிறது என்பதே. பன்முறை காற்றெடுத்தும் குணம் காணாவிடில், மெல்ல ஓட்டினால் சரியாகிவிடும் என்று கூறி வண்டியைச் சாரதியிடம் ஒப்படைப்பாரும் உளர். மிளகு மூட்டைகளுடன் கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் இறங்க வேண்டிய வண்டிக்கு இச்சொல் எவ்வகையிலும் பொருந்தாது.

மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு இவ்வளவு ஆயில் என்று குறிப்பிட்ட அளவையே தள்ளவல்லது. அவ்வளவுக்குள் எல்லா ஷூக்களும் டிரம்மைத் தொட்டு அழுத்தியாக வேண்டும். அச்சு மாறும்பொழுது இக்கணக்கே மாறிவிடுகிறது. பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழி. ஆதலின் பின்னால் நேர்ந்த குறை முன் சக்கரங்களையும் பிடியாமற் செய்கிறது. குறை எங்குள்ளது என்பதை மிதியின் நடத்தையைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம்.

மிதி பஞ்சுபோல் அமுங்கித் துள்ளினால் காற்று உண்டென்பது மெய். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். காற்றெடுக்கும் திருகு வீல் சிலிண்டரின் மேற்புறத்தில் இருத்தல் அவசியம். இடப்புறத்துப் பாகத்தை வலப்புறத்தில் மாட்டியதால் திருகு கீழே போய்விட்டால், எத்தனை புட்டி ஆயிலைச் செலவிட்டாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது.

மிதி துள்ளாமல், முதல் மிதியில் தாழ்ந்தும், அடுத்தடுத்து விரைந்து மிதித்தால் உயர்ந்தும் நிற்குமாயின், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுதி என்க. அச்சு மாற்றிய வண்டிகளில் மிகுதியும் காணப்படுவது இதுவே. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து மிதித்துப் பாருங்கள். மிதி உடனே உயருமாயின் குறை பின் ஷூக்களில் உள்ளது. (பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லாது டிரான்ஸ்பர் கேஸின் பின்னே இருப்பதால் இச்சோதனை அவற்றுக்கு உதவாது.) சரிசெய்யுமுன் கைப்பிரேக் கம்பியைத் தளர்த்துக. சக்கரத்தை உயர்த்தி, அது சுழலாது இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பிப் பின்னர்த் தடையின்றிச் சுழலுமளவு தளர்த்துதல் வேண்டும். கம்பி இறுகியிருக்கையில் செய்த சரிபார்ப்பு பொய்யாகிவிடும்.

இவ்விரண்டும் செம்மையாக இருந்தும் மிதி தாழ்ந்தே நிற்குமாயின், வீல் சிலிண்டரின் விட்டத்தை அளத்தல் வேண்டும். பட்டறைகள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. பழைய அச்சில் முக்கால் அங்குலமும் புதியதில் ஓர் அங்குலமும் இருப்பதாகக் கொள்வோம். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், 9 பங்கு ஆயில் போதுமாயிருந்த இடத்தில் இப்பொழுது 16 பங்கு வேண்டும். அவ்வளவை மாஸ்டர் சிலிண்டர் எங்ஙனம் தரும்? பெரிய மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால் மிதி உயரும். ஆனால் காலின் அழுத்தம் மிகுதியாக வேண்டும். பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும் அபாயமும் நீங்காது. போல்ட்டுத் துளைகள் பொருந்துமாயின், பழைய அச்சின் பிரேக் தட்டு, ஷூ, சிலிண்டர், டிரம் ஆகியவற்றை ஒருசேரப் புதிய அச்சுக்கு மாற்றுவதே நேரிய வழி.

காலை அழுத்தியபடியே வைத்திருக்கையில் மிதி மெல்லக் கீழிறங்கினால் ஆயில் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் தென்படாவிடில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களை ஐயுறுக. காற்றெடுக்கையில் மிதியை அடிவரை அழுத்துவதால், என்றும் செல்லாத துருப்பகுதியில் ரப்பர் உராய்ந்து கிழிவதுண்டு. மிதியின் கீழே ஒரு மரத்துண்டை வைத்துவிட்டு வேலை செய்தல் நலம்.

மிதி கல்போல் இறுகியும் வண்டி நில்லாவிடில், அச்சின் ஆயில் சீல் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கலாம். ஹோஸ் உட்புறம் அடைபட்டிருக்கலாம். பின்னாளைய வண்டிகளில் சுமையளவுக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வொன்று அச்சுடன் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அதை மறந்து விட்டிருக்கவும் கூடும்.

கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவலாகாது, ரப்பர் ஊதிவிடும். திறந்து கிடந்த ஆயிலையும் மீளப் பயன்படுத்தலாகாது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 டிகிரியாகிவிடும். நெடிய இறக்கத்தில் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால், ஆவி புகுந்து மிதி மீண்டும் தரையைத் தொடும்.

வேலை முடிந்ததும் முதலில் வெற்று வண்டியாகச் சமதரையில், பின்னர் அரைச் சுமையுடன் ஓட்டிப் பார்த்து, சக்கரங்களின் சூட்டைக் கையால் அணுகி ஒப்பிடுக. பொருத்திய சிலிண்டர்களின் அளவை வண்டிப் பதிவேட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை பழுது பார்ப்பவர் மீண்டும் கழற்றி அளக்க வேண்டியதில்லை.