மெரூன் ஜெர்சியும் ரோஸ் நிற எண்ணும்

மெரூன் நிற பாலியெஸ்டர் ஜெர்சி, முதுகில் வெள்ளை எண். பட்டறையிலிருந்து வாங்கும்போது பளிச்சென்று இருந்தது, மேட்ச் அன்று பையைப் பிரித்தால் ரோஸ் நிறத்துக்கு மாறியிருக்கிறது. உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: இங்க் மட்டம், துணி மட்டம், மலைக் குளிர், ஈரம். நீலகிரி மலையிலுள்ள அருவங்காட்டு அணிக்குத் திருப்பூரில் அச்சடித்தாலும் சரி, குன்னூரிலேயே அச்சடித்தாலும் சரி, இந்தக் காரணங்களில் பாதிக்கு மேல் தேறாது.

“சாயம் போகிற துணி. முன்னாடியே ஒரு தண்ணியில் அலசியிருந்தால் சரியாகியிருக்கும்.”

இது பருத்தியை வைத்துப் பழகியவர்களின் பேச்சு. புதுச் சுங்குடிச் சேலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்த அனுபவம் பாலியெஸ்டருக்கு உதவாது. பாலியெஸ்டருக்கு ஏற்றுவது டிஸ்பர்ஸ் சாயம். அது தண்ணீரில் கரைவதே அரிது. சாயப்பட்டறையில் அழுத்தம் கொடுத்துச் சுமார் 130 டிகிரி செல்சியஸில் வேகவைக்கும்போது இழையின் மூலக்கூறுகள் நெகிழ்கின்றன. அந்த நேரம் பார்த்துச் சாயம் உள்ளே போகிறது. ஆறியதும் இழை இறுகி, சாயம் சிறைப்படுகிறது. மறுபடி அதே அளவு சூடு கொடுத்தால் கதவு மறுபடி திறக்கும். போதாததற்கு இந்தச் சாயங்களில் பல, கற்பூரம்போல், திட நிலையிலிருந்து நேராக ஆவியாகக்கூடியவை.

மேலே அச்சடிக்கிற பிளாஸ்டிசால் இங்க் என்பது பிவிசி தூளைப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த் திரவத்தில் கலந்தது. டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் கரையாது; பிளாஸ்டிசைசரில் நன்றாகக் கரையும். அச்சைப் பக்குவப்படுத்த ட்ரையரில் 160 டிகிரி கொடுக்கிறோம். கீழேயிருந்து சாயம் கிளம்புகிறது, மேலே இங்க் அதை வாங்கிக்கொள்கிறது. கறை தெரிவது வெள்ளையில்தான் என்பதால் பழியும் வெள்ளை இங்க்மேல் விழுகிறது.

அலசுவதில் ஒரு பாதி உண்மை உண்டு. சாயமேற்றியபின் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் போட்டுச் சூடாகக் கழுவி, இழையின் மேற்பரப்பில் ஒட்டிய சாயத்தை எடுக்க வேண்டும். செலவு மிச்சம் என்று அதைக் குறைக்கிற பட்டறையின் துணி இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். ஆனால் இழைக்குள் இருக்கும் சாயத்தை எந்தக் கழுவலும் தொடாது; வீட்டு வாளித் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தச் சாயத்துக்கு அருவங்காட்டோடு ஒரு தூரத்து உறவு இருக்கிறது. 1903-இல் தொடங்கி, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்கும் இங்கத்திய கார்டைட் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த வெடிமருந்தின் அடிப்படைகளில் ஒன்று, பருத்தியின் செல்லுலோஸை அமிலத்தில் நனைத்துச் செய்கிற வெடிபஞ்சு, அதாவது நைட்ரோசெல்லுலோஸ். கார்டைட்டுக்கு இங்கிலாந்தில் ஏபலும் டீவாரும் காப்புரிமை பெற்றது 1889-இல். அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஷார்டொனே என்ற பிரெஞ்சுக்காரர், அதே நைட்ரோசெல்லுலோஸிலிருந்து இழுத்த செயற்கைப் பட்டைக் காட்சிக்கு வைத்தார். இதன் சகோதரப் பொருளான செல்லுலோஸ் அசிடேட்டை முதல் உலகப் போரில் விமானச் சிறகுத் துணிமேல் பூசினார்கள். போர் முடிந்ததும் அதை நூலாக்கி விற்கப் பார்த்தபோது, பருத்திச் சாயம் எதுவும் அதில் ஏறவில்லை. 1920-களின் தொடக்கத்தில் டிஸ்பர்ஸ் சாயம் பிறந்தது அந்த நூலுக்காகத்தான். 1941-இல் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தபோது, இந்தச் சாயம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பிறகு பாலியெஸ்டருக்கென்றே அதிகச் சூடு தாங்கும் பெரிய மூலக்கூறுச் சாயங்களும் வந்தன. லேசான மூலக்கூறு சீக்கிரம் பறக்கும், கனமானது தாமதமாகப் பறக்கும். எதைப் போட்டார்கள் என்று துணிக்கடையில் கேட்டால் பதில் வராது. அதனால்தான் ஒரே மெரூன், ஒரு லாட்டில் அடங்கி இருக்கும். அடுத்த லாட்டில் கையை விரிக்கும்.

“ட்ரையரிலிருந்து வெள்ளையாகத்தான் வந்தது, அண்ணே. அப்புறம் நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது?”

ட்ரையர் வாயில் நின்று பார்த்துச் சொல்கிற தீர்ப்பு செல்லாது. அப்போது சாயம் இங்க் படலத்தின் அடிப்பகுதியில்தான் இருக்கும். மேலே வந்து தெரிய மணிக்கணக்கும் ஆகலாம், நாட்களும் ஆகலாம். சுடச்சுட எடுத்த ஜெர்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிவிட்டால் நடுவிலிருக்கும் துணியில் சூடு நெடுநேரம் நிற்கும். வேலை அங்கே தொடர்ந்து நடக்கிறது. ஆறவிட்டு அடுக்குவதற்குப் பைசா செலவில்லை, இடம்தான் வேண்டும். அவசர ஆர்டரில் முதலில் பலியாவதும் அதுதான்.

“மலைக் குளிரில் சாயம் ஏறாது.”

ட்ரையருக்குள் ஊட்டியும் கிடையாது, திருப்பூரும் கிடையாது. குளிர் செய்கிற காரியம் நேர்மாறானது. காலையில் இங்க் கெட்டியாக இருக்கும். துணியும் அச்சுப் பலகையும் சில்லிட்டிருக்கும். வேகவில்லையோ என்ற சந்தேகத்தில் ட்ரையரின் சூட்டை ஏற்றுவார்கள். மதியம் எல்லாம் சூடானபிறகு அதைக் குறைக்க மறந்துவிடும். ட்ரையரின் திரையில் தெரியும் எண் இங்க் படலத்தின் வெப்பநிலை அல்ல. துணிமேல் ஒட்டிப் பார்க்கும் வெப்பப் பட்டையோ, படலத்தையே தொட்டு அளக்கும் கருவியோ இல்லாமல் 160 என்று சொல்வது வெறும் ஊகம். உயரத்தையும் காரணமாக இழுப்பதுண்டு. குன்னூர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிக்கும் என்பது சரி. நீர்க்கலவை இங்க் உலர்வதில் அதற்குச் சிறு பங்கு இருக்கலாம், பிளாஸ்டிசாலில் தண்ணீரே கிடையாது.

பனி ஈரமும் குற்றவாளி அல்ல. சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் ஈரம் வாங்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. ஐப்பசி மழையில் ஸ்க்ரீனில் பூசிய எமல்ஷன் காயாமல் படுத்தும். அந்த வழக்கு வேறு.

“இன்னும் இரண்டு கோட்டு வெள்ளை அடித்தால் மறைந்துவிடும்.”

தடித்த படலம் சாயத்தின் பயணத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. தடிப்பு கூடினால் அது வேக நேரமும் கூடும், அந்த நேரத்தில் இன்னும் சாயம் ஏறும். உண்மையில் தடுப்பது வெள்ளைக்கு அடியில் போடும் பிளாக்கர் பேஸ். செயலூட்டிய கரி கலந்த சாம்பல் அல்லது கறுப்பு இங்க் அது. சாயத்தைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் 130 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே பக்குவமாகும் லோ-கியூர் வெள்ளையை அடிப்பதுதான் என் பார்வையில் நியாயமான வழி. சாதாரண இங்க்கையே குறைந்த சூட்டில் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் நான்கைந்து துவைப்பில் எண் விரிசல் விடும். சிலிகான் இங்க் நன்றாக இழுபடும், குறைந்த சூட்டிலும் பக்குவமாகும். ஆனால் சாயத்தைத் தடுக்கும் சுவர் அதற்குள் இல்லை, அடியில் பேஸ் அதற்கும் வேண்டும். “லோ-பிளீட்” என்று விற்கும் வெள்ளைகளில் சில, பருத்தித் துணியோடு சேர்த்து அடுக்கினால் எதிர்ப்பக்கத் துணியில் எண்ணின் நிழலை வெளிறப் பதித்துவிடும்.

பாதிப் பருத்தி கலந்தால் பயமில்லை என்பதும் தவறு, மீதிப் பாதி பாலியெஸ்டர்தானே. கறுப்பு பத்திரமானது என்பதும் அப்படியே: பல சாயங்களைக் கலந்துதான் கறுப்பு வருகிறது, அவற்றில் எது முதலில் கிளம்பும் என்று சொல்ல முடியாது.

சோதிப்பது எளிது. ஐஎஸ்ஓ 105-P01 என்ற உலர்சூட்டுச் சோதனை, துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்து 150, 180 அல்லது 210 டிகிரியில் 30 விநாடி வைத்து, ஏறிய கறையை 5-இலிருந்து 1 வரை மதிப்பிடுகிறது. பட்டறையில் ஹீட் பிரஸ்ஸே போதும். வாங்கிய லாட்டில் ஒரு துண்டு வெட்டி, வெள்ளைப் பாலியெஸ்டரோடு சேர்த்து, ட்ரையரில் கொடுக்கப்போகிற சூட்டில் அழுத்துங்கள். வெள்ளையில் நிழல் விழுந்தால் பிளாக்கர் இல்லாமல் அச்சைத் தொடாதீர்கள். ஒரு மாதிரி ஜெர்சியை முழுதாக அடித்துச் சில நாள் மூடிவைத்துப் பார்க்கவும் வேண்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஆர்டர் கொடுத்தால் எந்தப் பட்டறையாலும் இதைச் செய்ய முடியாது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இந்தச் சாயத்தின் பறக்கும் குணமே வழிவிடுகிறது. சப்ளிமேஷன் ஜெர்சியில் இங்க் படலமே கிடையாது. காகிதத்தில் அச்சடித்த டிஸ்பர்ஸ் சாயத்தைச் சுமார் 200 டிகிரியில் ஆவியாக்கி வெள்ளைப் பாலியெஸ்டருக்குள் செலுத்துகிறார்கள். அங்கே வெள்ளை எண் வேண்டுமென்றால், மெரூனைச் சுற்றிலும் ஏற்றி, எண் இருக்க வேண்டிய இடத்தில் துணியை அப்படியே விட்டுவிடுவார்கள்.